ஆயா பொம்மைக்கு எந்தத் துணி? கண்ணை எப்படிச் செய்வது?

கெடிலக்கரை | மஞ்சக்குப்பம், கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். தலையணை உறை, குழந்தைச் சட்டை என்று வீட்டுத் தையல் பழக்கம் உண்டு. பொம்மைக்கு இப்போதுதான் வருகிறேன்.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, தேவனாம்பட்டினத்துக்காரர். கூடையில் மீன் எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் வரை நடந்தே வந்து தெருத்தெருவாக விற்றவர். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. வருகிற மாசியில் அம்மாவுக்கு அறுபது நிறைகிறது. அதற்குள் ஆயாவைத் துணிப் பொம்மையாகச் செய்து அம்மா மடியில் வைக்க வேண்டும் என்று ஆசை. உயரம் 45 செ.மீ., அதில் தலை மட்டும் 11 செ.மீ. காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி, பக்கத்தில் கூடை. உடுப்புக்கு ஆயாவின் அரக்கு நிறக் கைத்தறிச் சேலையே இருக்கிறது.

முகம்தான் வரவில்லை. கடையில் 'தோல் கலர்' என்று கொடுத்த துணியில் ஒரு தலை தைத்து, 12 மி.மீ. கறுப்புப் பொத்தான் இரண்டைக் கண்ணாக வைத்தேன். யாரோ அதட்டித் திடுக்கிட்டுத் திரும்பின முகம் மாதிரி இருக்கிறது. ஆயா ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. வெயிலில் நடந்து நடந்து கண்ணை இடுக்கியே பார்ப்பார். சிரித்தால் கண் காணாமலே போகும்.

முகத்துக்கு என்ன துணி, உள்ளே என்ன பஞ்சு, கண்ணுக்குப் பொத்தானா, எம்பிராய்டரியா, பெயின்ட்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நூல்கண்டு | முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வணக்கம் தங்கச்சி. முதல் வேலையாக அந்தத் 'தோல் கலர்' துணியை மடித்து உள்ளே வையுங்கள். வெளுத்த ரோஜா நிறத்தில் நம் ஊர் ஆயா வரமாட்டார்.

எங்கள் நேரு வீதியிலோ உங்கள் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ ஒரு மேட்சிங் சென்டருக்குள் போங்கள். ரவிக்கைக்கு விற்கும் டூ பை டூ துணியில் பழுப்பில் மட்டுமே பல சாயல் அடுக்கியிருப்பார்கள். காப்பித்தூள், புளி, பாக்கு, செம்மண் என்று எல்லாம் கிடைக்கும். ஆயா படத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கடை விளக்கில் பார்க்காதீர்கள், துணியை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் படத்தின் கன்னத்தோடு சேர்த்துப் பாருங்கள். கன்னத்தின் நிறத்தைவிட ஒரு சாயல் வெளிறியதாக எடுங்கள். சுருக்கமும் இமை நிழலும் அதன்மேல் ஏற வேண்டும். துணியே அடர்த்தியாக இருந்தால் நீங்கள் போடும் தையல் எதுவும் கண்ணில் படாது.

டூ பை டூ என்றால் பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டுமே இரட்டை இழை முறுக்கிய நூல். அதனால் மெல்லியதாக இருந்தாலும் உறுதி. ஆனால் இப்போது பாலியெஸ்டர் கலந்து நிறைய வருகிறது. ஓரத்தில் இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். கலப்பு உருகி, நுனியில் கறுப்பாக மணி கட்டும். முகத்துக்குப் பருத்தியே வேண்டும். பஞ்சை அடைக்கும்போது அதுதான் விட்டுக்கொடுத்து உருளும்.

ஒரு மீட்டர் வாங்குங்கள். தலை, கை, காலுக்கு அரை மீட்டர் போதும், மீதி பரிசோதனைத் தலைகளுக்கு. ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் அலசிக் காயப்போடுங்கள். கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். பிறகு இஸ்திரி போட்டு, பின்பக்கம் சுடிதார் கழுத்துக்கு வைக்கிற மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை ஒட்டுங்கள். சட்டைக் காலருக்கு வைக்கிற தடிக் கேன்வாஸ் வேண்டாம், அது தலை உருளும்போது அட்டை மாதிரி மடங்கும்.

என் அப்பா முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில்லில் தறி ஓட்டியவர். 1898-ல் தொடங்கி 2020-ல் மூடிய மில். எந்தத் துணி கையில் கிடைத்தாலும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பார். விறைத்து நிற்பது பாவு, கொஞ்சம் விட்டுக்கொடுப்பது ஊடை. மூலைக்கு மூலை இழுத்தால் இன்னும் நன்றாக விட்டுக்கொடுக்கும். முகத்தைப் பாவு மேலிருந்து கீழாக வரும்படி வெட்டினால் பஞ்சு அடைத்ததும் கன்னம் அகலும். குறுக்கே வைத்து வெட்டினால் முகம் நீளும். உங்கள் ஆயாவுக்கு உருண்டை முகமா, நீள முகமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.


கெடிலக்கரை

உருண்டை முகம், அக்கா. தாடை மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும், பல் இல்லை. வெட்டும்போது துணி எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவே இல்லை.


சாயவேட்டி | வில்லியனூர்

நான் காடாத் துணியை டீயில் நனைத்துத்தான் செய்கிறேன். ஒரே நிறமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக வரும், வயதான முகத்துக்கு அது அழகு. கடைத் துணி சமமாகச் சாயம் ஏறியிருப்பதால் பொம்மை புதுசாகவே தெரியும்.


நூல்கண்டு

தம்பி, அழகு உண்டுதான். ஆனால் டீ வெளிச்சத்தில் வெளுக்கும். இந்தப் பொம்மை அந்த வீட்டில் முப்பது வருஷம் இருக்கப் போகிறது. இன்னொன்று, நம் கடற்கரை ஊர்களில் குண்டூசி ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். டீயில் துவர்ப்பு இருக்கிறதல்லவா, இரும்பு பட்டால் அது சாம்பலும் கறுப்புமாக மாறும். குண்டூசி குத்தி ராத்திரி முழுக்க விட்டால் காலையில் முகத்தில் கறுப்புப் புள்ளி. எனக்கு ஆகியிருக்கிறது. கன்னத்தில், மூன்று இடத்தில். துவைத்தும் போகவில்லை.


சாயவேட்டி

அந்தப் புள்ளி ஏன் வருகிறது என்று இன்றைக்குத்தான் விளங்கியது அக்கா. நான் இரும்புச் சட்டியில் டீ காய்ச்சி ஒரு முழுத் துணியையே சாம்பலாக்கியிருக்கிறேன். கலம்காரியில் கடுக்காய் ஊறின துணியில் இரும்புக் கரைசல் பட்டதும் கறுப்பு வருகிறதே, அதே விஷயம். இனிமேல் எவர்சில்வர் பாத்திரம், துருப்பிடிக்காத குண்டூசி.

அப்படியானால் இப்படிச் செய்யலாம். டூ பை டூவில் முகம் தைத்த பிறகு, கன்னத்துக்கும் கண்குழிக்கும் மட்டும் பழுப்புக் கலர் பென்சிலை லேசாகத் தேய்த்து விரலால் பரப்புங்கள். மேடுபள்ளம் கிடைக்கும்.


பஞ்சுமூட்டை | நெல்லிக்குப்பம்

பஞ்சைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தலையணை, மெத்தை வேலை.

இலவம் பஞ்சு கைக்குச் சுகம். ஆனால் அதன் இழை வழுவழுப்பு, உள்ளே வெற்றுக் குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஏறாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் அதைத்தான் அடைத்தார்கள். அந்த வழுவழுப்பால்தான் நூலாகத் திரிக்கவும் வராது, பொம்மைத் தலைக்குள் ஓர் இடத்தில் நிற்கவும் செய்யாது. கண்குழிக்காக நூலை இழுத்தால் பஞ்சு விலகி ஓடும். சீக்கிரம் அமுங்கவும் அமுங்கும். நெருப்பும் சட்டென்று பற்றும், விளக்குப் பக்கத்தில் வைக்கிற பொம்மைக்கு அது ஆகாது. மடியில் படுக்கிற உடம்புக்கு வேண்டுமானால் கொஞ்சம் போடலாம், தலைக்கு வேண்டாம்.

பருத்திப் பஞ்சு ஈரம் இழுக்கும். கார்த்திகை அடைமழையில் உள்ளேயே கட்டி தட்டி, பூஞ்சை வாடை வரும்.

தலைக்கு ரெக்ரான், அதாவது பாலியெஸ்டர் பஞ்சு. பழைய தலையணையிலிருந்து எடுத்தது கூடாது, அது உருண்டை உருண்டையாகியிருக்கும். புதியதை வாங்கி, ஒவ்வொரு கொத்தையும் விரலால் பிரித்துப் பிரித்து, சின்னச் சின்னதாக அடையுங்கள். ஒரே பெரிய உருண்டையாகத் திணித்தால் மேலே புடைப்பு தெரியும். அடைத்த தலையைக் கட்டைவிரலால் அழுத்தினால் நன்றாகப் பழுத்த சப்போட்டா மாதிரி அமுங்கக் கூடாது, காய்வெட்டாக இருக்கும் சப்போட்டா மாதிரி நிற்க வேண்டும். அவ்வளவு இறுக்கம் இருந்தால்தான் கண் சரியாக உட்காரும். நிறையப் பேர் தலையை மெத்தென்று வைத்துவிட்டு, கண் கோணலாகிறது என்று கண்ணைத் திரும்பத் திரும்பப் பிரிப்பார்கள்.


ரெண்டுபிள்ளைஅம்மா | அரியாங்குப்பம்

ஒரு விஷயம் கேட்க வேண்டும் சகோதரி. வீட்டில் கைக்குழந்தை உண்டா? பொம்மை அம்மாவுக்குத்தான், சரி. ஆனால் பொம்மை என்று ஒன்று கண்ணில் பட்டால் பிள்ளைகள் கை அதில்தான் போகும். என் சின்னவன் ஒன்றரை வயதில் கரடிப் பொம்மையின் பொத்தான் கண்ணைக் கடித்துப் பிடுங்கி வாயில் வைத்திருந்தான். விரலை விட்டு எடுத்தேன். அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை.

விளையாட்டுச் சாமான் பாதுகாப்புக்கு ஐஎஸ் 9873 என்று தரம் இருக்கிறது. சிறு பாகம் என்று எதைச் சொல்வது என்பதற்கு ஓர் உருளை அளவு வைத்திருக்கிறார்கள், உள்விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை கைக்குப் போகக் கூடாது. 12 மி.மீ. பொத்தான் அதற்குள் தாராளமாக அடங்கும். பின்னால் வாஷர் போட்டு இறுக்குகிற பிளாஸ்டிக் கண்ணைப் பாதுகாப்பானது என்று விற்கிறார்கள். துணி நைந்து கிழிந்தால் வாஷரோடு சேர்ந்தே கழன்று வரும். மணி, ஜிமிக்கி, வளையல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.


கெடிலக்கரை

தம்பி மகளுக்கு ரெண்டு வயது. பாதி நாள் எங்கள் வீட்டில்தான். இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி அக்கா. சரி, பொத்தான் வேண்டாம். மணியும் வேண்டாம். நூலா, பெயின்ட்டா என்று மட்டும் சொல்லுங்கள்.


கொலுப்படி | வண்டிப்பாளையம், கடலூர்

நாங்கள் கொலு பொம்மைக்கு வண்ணம் வைக்கிறவர்கள். துணி எனக்குப் புதிது, கண் பழக்கம்.

எங்கள் வீட்டில் கண் கடைசியில்தான். உடுப்பு, நகை, உதடு எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு கண்ணுக்கு உட்காருவோம். கோயில் சிலைக்குக் கண் திறப்பதும் கடைசியில்தானே. நடைமுறைக் காரணமும் இருக்கிறது. முகத்தில் மற்றது எல்லாம் நின்ற பிறகுதான் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று முகமே காட்டும்.

மேல் இமைக் கோட்டை முதலில் போடுவோம், ஒரே இழுப்பில். பிறகு அதற்குக் கீழே விழி தொங்குகிற மாதிரி. முழு வட்டமாக விழியை வரைந்து, சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் அது பயந்த கண், அல்லது அரக்கன் கண். மகிஷாசுரனுக்கு அப்படித்தான் வைப்போம். உங்கள் பொத்தான் திடுக்கிட்டதற்குக் காரணம் அதுதான் அம்மா. பொத்தான் முழு வட்டம், இமை இல்லை.

விழிக்குள் வெள்ளைப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இடக்கண்ணில் இடப்பக்கமும் வலக்கண்ணில் வலப்பக்கமும் வைத்தால் பார்வை பிரிந்து போகும். ஒரே வெயில்தானே ஆயா முகத்தில் விழுந்தது.

பெயின்ட் என்றால் துணிக்கான அக்ரிலிக். தண்ணீர் கலந்தால் நூலோடு நூலாகப் பரவிக் கண்ணுக்குக் கால் முளைக்கும். முதலில் நிறமில்லாத மீடியத்தை அந்த இடத்தில் மெல்லப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் கெட்டியாக வைக்க வேண்டும்.


ஊசிமுனை | முதுநகர், கடலூர்

ஐயா சொன்ன இமைக்கோடு பற்றி ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. பெயின்ட் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. துணி பெயின்ட் நிற்க வேண்டுமானால் காய்ந்த பிறகு பின்பக்கம் இஸ்திரி போட வேண்டும். பஞ்சு அடைத்த தலையில் எங்கே இஸ்திரி போடுவது? முன்னாலேயே வரைந்து வைத்தால் பஞ்சு அடைத்ததும் கண் அகன்று, இரண்டும் காதுப் பக்கம் போய்விடும். அது மட்டுமில்லை, ரெண்டு வயதுப் பிள்ளை எச்சில் வைக்கும் முகம். நூலே போதும்.

இனி அளவு. மனிதக் கண்ணின் திறப்பு அகலம் ஏறக்குறைய 30 மி.மீ., கருவிழி வட்டம் 12-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. பச்சைப் பிள்ளைக்கே அது 10 இருக்கும், அதற்குமேல் அதிகம் வளராது. அதனால்தான் குழந்தைக்குக் கண் முழுக்க விழியாகத் தெரிகிறது. முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம் என்று கணக்கு. உங்கள் பொம்மை முகம் 9 செ.மீ. என்று வைத்தால் ஒரு கண் 18 மி.மீ., விழி 7 மி.மீ. நீங்கள் வைத்த பொத்தான் 12. வயதான முகத்தில் குழந்தை விழியைவிடப் பெரியது.

இடம்: தலை உச்சியிலிருந்து தாடை வரை அளந்து சரி பாதியில் கண். நெற்றியை மறந்து எல்லோரும் மேலே வைப்போம். பாதி என்றால் பாதிதான். பாதிக்குக் கீழே போனால் குழந்தை ஆகிவிடும். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அகலம் இடைவெளி.

இப்போது முக்கியமானது. முதலில் வேறு துண்டில் ஒரு பரிசோதனைத் தலை தைத்து இறுக்கமாக அடையுங்கள். கண்ணை அதன்மேல் வரையுங்கள். பிறகு தையலைப் பிரித்துத் துணியைத் தட்டையாக விரியுங்கள். வரைந்த கண் நெருங்கி வந்திருக்கும். அந்த நெருங்கின அளவைத்தான் நல்ல துணியில் படியெடுக்க வேண்டும். நல்ல துணியை வெட்டாமல் எம்பிராய்டரி வளையத்தில் மாட்டி, முழுத் துண்டிலேயே தைத்து முடித்து, பிறகு தலையை வெட்டுங்கள். முடிச்செல்லாம் உள்ளே மறையும், துவைக்கலாம், பிள்ளையும் பிடுங்க முடியாது.


கெடிலக்கரை

இந்த வழி நன்றாக இருக்கிறது. எத்தனை இழை, என்ன நிறம் என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா?


ஊசிமுனை

ஆங்கர் நூல் லச்சியில் ஆறு இழை சேர்ந்திருக்கும். 7 மி.மீ. விழிக்கு இரண்டு இழை போதும். ஊசி 9 அல்லது 10-ம் எண்.

முதலில் வெள்ளைப் பகுதி. பால் வெள்ளை எடுக்காதீர்கள். பழுப்பு முகத்தில் அது டார்ச் அடித்த மாதிரி நிற்கும். பழுத்த தந்தத்தின் நிறம், அல்லது வடித்த கஞ்சியின் நிறம். அதை ஒரே இழையில் படுக்கைவாட்டில் சாட்டின் தையலாக, இழையோடு இழை நெருக்கி, நிரப்புங்கள். அடுத்து விழி. கறுப்பு வேண்டாம். கருவிழி என்று சொன்னாலும் பக்கத்தில் போய்ப் பார்த்தால் காப்பிக்கொட்டை நிறம்தான். அடர் பழுப்பு ஓர் இழை, அதைவிடக் கொஞ்சம் வெளிறிய பழுப்பு ஓர் இழை, இரண்டையும் ஒரே ஊசியில் கோத்து மேலிருந்து கீழாகத் தையுங்கள். தானாகவே உள்ளே ஒரு வெளிச்சம் வரும். விழியின் நடுவே இருக்கும் பாவை மட்டும் கறுப்பு, 3 மி.மீ. அகலம் போதும். வெள்ளைப் புள்ளி கடைசி. ஓர் இழையில் ஒரே சுற்றுப் பிரெஞ்சு முடிச்சு. பாவையின் நடுவில் போடக் கூடாது, பாவையும் விழியும் சேரும் விளிம்பில், மேலே.

விழியின் மேல் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள், தைக்கவே வேண்டாம். அது இமைக்குள் போய்விடும். உங்கள் ஆயா கண் இடுக்கிப் பார்ப்பவர் என்றீர்களே, கீழ் இமையும் கொஞ்சம் ஏறி விழியின் அடியைத் தொட வேண்டும்.

இமையைத் தையலால் போடாதீர்கள். துணியால் செய்யுங்கள். முகத் துணியையே குறுக்கில் (மூலைக்கு மூலையாக) வெட்டி, அரை நிலா வடிவம். வளைந்த மேல் ஓரத்தை உள்ளே மடித்து மறைதையலால் கண்ணுக்கு மேலே பதியுங்கள். நேர் ஓரம் மடித்த மடிப்பாகவே விழிமேல் படியட்டும். உள்ளே ஒரு சிட்டிகைப் பஞ்சு. முதுமை, தூக்கம், சிரிப்பு, எரிச்சல் எல்லாம் அந்த மடிப்பில்தான் இருக்கிறது. விழி எல்லா முகத்துக்கும் ஒன்றுதான். நான் ஒரே விழியை வைத்துக்கொண்டு இமையை மட்டும் மாற்றி மாற்றி நாலு பேரைச் செய்திருக்கிறேன்.


கொலுப்படி

இமைக்குத் துணி என்பது எனக்குத் தோன்றியிருக்காது. மண்ணில் நாங்கள் மேடு வைப்பதை நீங்கள் மடிப்பில் செய்கிறீர்கள். இடுக்கின கண்ணுக்கு வெளி மூலை உள் மூலையைவிடக் கீழே இறங்கியிருக்கட்டும், வயதானால் இறங்கும்.


மருந்துச்சீட்டு | லாசுப்பேட்டை, புதுச்சேரி

கண் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், தையல் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது. படத்தில் ஆயாவின் கருவிழி ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வயதானவர்கள் பலருக்கு விழியைச் சுற்றிச் சாம்பல் நீலத்தில் மெல்லிய வளையம் இருக்கும். பார்வையை அது கெடுக்காது, வயதின் அடையாளம். வெள்ளையும் மஞ்சள் ஏறியிருக்கும், அதிலும் வெயிலிலும் உப்புக் காற்றிலும் வேலை செய்தவர்களுக்கு.


கெடிலக்கரை

இருக்கிறது. இப்போதுதான் படத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு கண்ணிலும் இருக்கிறது. என் சின்ன வயதில் ஆயா என்னை மடியில் போட்டுப் பேன் பார்க்கும்போது அண்ணாந்து அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கடலைப் பார்த்துப் பார்த்துக் கடல் கலர் ஒட்டிக்கொண்டது என்று ஆயா சொல்வார். அதை நான் மறந்தே போயிருந்தேன்.


ஊசிமுனை

அப்படியானால் அந்த வளையத்தை விடாதீர்கள் தங்கச்சி. சாம்பல் நீலத்தில் ஒரே இழை, விழி ஓரத்தில் காம்புத் தையல். கீழ் அரைவட்டம் போதும், மேலே இமை மறைக்கும்.


பஞ்சுமூட்டை

கண்குழிக்கு நூல் எது எடுப்பீர்கள்? கடலோரத்தில் இருக்கிறீர்கள், தூண்டில் நரம்பு கைக்கெட்டும். அது வேண்டாம். வழுவழுப்பான ஒற்றை நரம்பு, இழுத்தால் பருத்தித் துணியை அறுக்கும், முடிச்சும் நழுவும். மெத்தை ஊசியும் சோபா தைக்கிற முறுக்கு நூலும் வாங்குங்கள், நூலைத் தேன்மெழுகில் ஒரு தரம் இழுத்துவிடுங்கள். கொண்டை வருகிற இடத்தில் பின்னாலிருந்து ஊசியை விட்டு, கண்ணின் உள் மூலையில் வெளியே எடுத்து, இரண்டு மி.மீ. தள்ளித் திரும்ப உள்ளே விட்டு, பின்னாலேயே வந்து இழுங்கள். மெல்ல இழுங்கள். கண்ணாடியில் முகத்தைக் காட்டிக் காட்டி இழுத்தால் இரண்டு பக்கமும் சமமா என்று தெரியும். முடிச்சைக் கொண்டை மறைத்துவிடும்.


ஊர்க்குருவி | கடலூர்

இப்படிப் பொம்மைகள் செய்து விற்கவும் முடியுமா? புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் கேட்கிறார்கள்.


ரெண்டுபிள்ளைஅம்மா

14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் சாமான் என்றால் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. பதிவு செய்துகொள்ளுங்கள். விலக்கு இருக்கிறது என்பதற்காகப் பொத்தான் கண் வைக்காதீர்கள்.


கெடிலக்கரை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மழையில் துணி காயவே நாலு நாள் ஆனது.

லாரன்ஸ் ரோட்டில் 'பாக்கு' என்று அவர்கள் சொல்லும் பழுப்பு எடுத்தேன். கொளுத்திப் பார்த்ததில் முதல் கடைத் துணி மணி கட்டியது, இரண்டாவது கடையில் நல்ல பருத்தி கிடைத்தது. பாவு நிமிர்ந்து வரும்படி வெட்டினேன். பரிசோதனைத் தலையைப் பிரித்து விரித்தபோது கண் இடைவெளி 18-லிருந்து 15 மி.மீ. ஆகியிருந்தது. அக்கா சொல்லியிருக்காவிட்டால் 18-லேயே தைத்திருப்பேன்.

வலக்கண்ணை மூன்று தடவை பிரித்தேன். சாட்டின் தையலை அதிகம் இறுக்கியதில் துணி சுருங்கிக் கண் குழிந்தது. நாலாவது தடவை நூலைப் படுக்கவைக்கிற மாதிரி மட்டும் விட்டேன், சரியாக வந்தது. இமை வைப்பதற்கு முன்னால் பார்த்தபோது அது யாரோ ஒரு பெண். இமைத் துணியைக் குண்டூசியில் நிறுத்தி, ஒரு மி.மீ. கீழே இறக்கினேன். இன்னும் அரை மி.மீ. இறக்கினேன். ஆயா வந்துவிட்டார். அந்த இடத்திலேயே கையை எடுக்காமல் தைத்தேன். கண் ஓரத்தில் ஓர் இழையில் மூன்று சுருக்கம். வெளி மூலையைக் கொலுப்படி ஐயா சொன்னபடி இறக்கினேன்.

மாசி வரை காத்திருக்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா முதலில் சேலையைத்தான் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய், 'வளையம்கூட வைச்சிருக்கியே' என்றார். ரொம்ப நேரம் வேறெதுவும் பேசவில்லை. தம்பி மகள் வந்து கண்ணில் விரலை வைத்து நோண்டினாள். ஒன்றும் வரவில்லை.


நூல்கண்டு

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. இமைத் துண்டின் அளவை இங்கே போட்டு வையுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.


கெடிலக்கரை

18 மி.மீ. கண்ணுக்கு: குறுக்கில் வெட்டிய முழு வட்டம், விட்டம் 30 மி.மீ. அதைப் பாதியாக மடித்தால் அரை நிலா. வளைந்த ஓரத்தில் 4 மி.மீ. உள்ளே மடிப்பு. பஞ்சு, ஒரு மொச்சைக்கொட்டை அளவுகூட வேண்டாம், பாதி போதும். மடிப்பு, விழியின் நடுப்பாவையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. வலப்பக்கம் மட்டும் அரை மி.மீ. கூடுதலாக இறங்கியிருக்கிறது. ஆயாவுக்கும் அப்படித்தான் இருந்தது.